நெடுந்தீவு போக எந்த மாதம் நல்லது? (வன்னியில இருந்து ஒருநாள் பயணம்)

மல்லாவியான்:
மல்லாவியில இருந்து ரெண்டு வானில 16 பேர். அதில 70 வயசு தாண்டினவை ரெண்டு பேர், பத்து வயசுக்குக் கீழ நாலு பிள்ளையள். விடியக் காலமை வெளிக்கிட்டு இரவு திரும்புற திட்டம், தீவில தங்கிறேல்லை. குதிரை, பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, இவ்வளவும் பாத்தால் போதும். ஓகஸ்ட் லீவில போறதோ, காலபோக நெல்லு அருவி வெட்டு முடியப் போறதோ எண்டு வீட்டில ரெண்டு கட்சி. எந்த மாதம், ஏன் எண்டு தெரிஞ்சவை விளக்கமாச் சொல்லுங்கோ.

நந்திக்கடல்:
இதில யோசிக்க என்ன கிடக்கு? ஓகஸ்ட்தான். பிள்ளையளுக்கு லீவு, மழை ஒரு துளி இல்லை, ஆடி ஆவணியில கடல் குளம் மாதிரிக் கிடக்கும். மாசியில கடல் இன்னும் இரைஞ்சுகொண்டுதான் நிக்கும்.

மொட்டைக்கறுப்பன்:
நந்திக்கடல் தம்பி, நீங்கள் சொல்லுறது முல்லைத்தீவுக் கடல். அது சரி. ஆனா நெடுந்தீவு மற்றப் பக்கம் கிடக்குது. வன்னிக்கு ரெண்டு கரை. ரெண்டுக்கும் ஒரே மாதம் ஒரே கடல் இல்லை.

சோளகம் தென்மேற்கால வாறது. முல்லைத்தீவுக்கு வர முதல் முழுத் தரையையும் காட்டையும் கடந்து வருது. அதால அந்தக் கரையில காத்து தரையில இருந்து கடலுக்கு ஊதும், கரையோரம் அலை எழும்பாது. மேற்குக் கரைத் தொழிலாளர் அந்த மாதங்களில நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் வந்து வாடி (மீன்பிடிக் கொட்டில்) போடுறதும் அதுக்காகத்தான். நெடுந்தீவுக்குத் தென்மேற்கில மறைப்பு ஒண்டும் இல்லை, வெறும் கடல். வைகாசிக் கடைசியில இருந்து செப்ரெம்பர் நடுப்பகுதி வரைக்கும் சோளகம் நேரே வந்து அடிக்கும். ஆனி, ஆடி ரெண்டும் மோசம்.

இன்னொரு விசயம், பாக்குநீரிணை ஆழமில்லாத கடல். ஆழக்கடலில அலை நீளமா வரும், படகு ஏறி இறங்கும். இஞ்ச அலை குறுகி, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு நெருக்கமா, செங்குத்தா எழும்பும். உயரம் ஒரு மீற்றர்தான் எண்டாலும் படகு குத்திக் குத்திப் போகும். வயசு போனவைக்கு இடுப்பும் நாரியும் போயிடும். பிள்ளையள் சத்தி.

நந்திக்கடல்:
சரி அண்ணை, எங்கட கரைக் கணக்கைத்தான் போட்டிட்டன். அப்ப வாடை, வடகிழக்குக் காத்து வீசுற காலத்தில நெடுந்தீவுப் பக்கம் அமைதியோ? எங்களுக்கு அப்பதான் கடல் கொந்தளிக்கும்.

மொட்டைக்கறுப்பன்:
அப்பிடியும் இல்லை. வடகிழக்கில குடாநாடும் மற்றத் தீவுகளும் கிடக்கிறதால முல்லைத்தீவு அளவுக்கு அடிக்காது. ஆனா நெடுந்தீவு இறங்குதுறை தீவின்ர வடபக்கம். வாடை இறுக்கினால் நடுக்கடலை விட இறங்கிற இடம்தான் கரைச்சல். படகு துறையில மோதி மோதி நிக்கும், ஏறி இறங்கக் கால் வைக்க ஏலாது.

சங்குப்பிட்டி:
மொட்டைக்கறுப்பன் சொன்னதோடு திசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

படகு ஏறுகிற குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவு தென்மேற்கில் இருக்கிறது. சோளகத்தில் போகும்போது படகு காற்றுக்கு எதிராகப் போகும். தண்ணீர் தெறிக்கும், நேரமும் கூடும். திரும்பும்போது அலை பின்னால் இருந்து தள்ளும், ஓரளவு சுகம். வாடையில் இது தலைகீழ். காலையில் சுகமாகக் கொண்டுபோய் இறக்கிவிடும். பின்னேரம் களைத்த பிள்ளைகளோடு எதிர்க்காற்றில் திரும்ப வேண்டும். டிசெம்பர், ஜனவரியில் போகிறவர்கள் மாட்டுப்படுவது இதில்தான். காலைக் கடலை வைத்து நாளை எடைபோட்டுவிடுகிறார்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்க்கிற கடலையும் நம்ப வேண்டாம். நயினாதீவுக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் கடல் ஒடுக்கம். வெளிக்கடலுக்கு வந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். மொத்தப் பயணம் ஒரு மணித்தியாலம் வரை என்றால், முதல் கொஞ்ச நேரத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பாலைப்பழம்:
மாதம் சொல்லும்போது எந்த மாதம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நாங்கள் பேச்சில் பெப்ரவரியை மாசி என்போம். பஞ்சாங்க மாசி பெப்ரவரி நடுவில்தான் தொடங்கும். இந்த விசயத்தில் அந்தப் பதினைந்து நாள் பெரிய வித்தியாசம். பெப்ரவரி முதல் வாரத்தில் வாடை இன்னும் விட்டிருக்காது.

மொட்டைக்கறுப்பன்:
உண்மை. நான் நல்லது எண்டு சொல்லுறது பெப்ரவரி நடுவில இருந்து ஏப்ரல் முதல் கிழமை வரைக்கும். வாடை ஓய்ஞ்சு கொண்டல் (கிழக்குக் காத்து) மெல்லமா வீசும். சோளகம் பிறக்க இன்னும் நாள் கிடக்கும். இதுக்குள்ளயும் ஒரு கிழமையைத் தெரி எண்டால் மார்ச் முதல் ரெண்டு கிழமைதான். ஏன் எண்டதுக்குக் கடல் மட்டும் காரணம் இல்லை, தண்ணியும் குதிரையும் கிடக்குது. அதைப் பாலைப்பழம் அக்கா சொல்லட்டும், அவவுக்குத்தான் அந்தக் கணக்கு வடிவாத் தெரியும்.

பாலைப்பழம்:
நெடுந்தீவு தட்டையான சுண்ணக்கல் தீவு. ஆறு இல்லை, மலை இல்லை. பெய்கிற மழை கல்லுக்குள்ளால் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கும். நன்னீர் பாரம் குறைவு, அதனால்தான் மிதக்கிறது. நவம்பர், டிசெம்பர் மழைக்குப் பிறகு அந்தப் படை தடிப்பாக இருக்கும், குளம் குட்டைகளும் நிரம்பி இருக்கும். அதன் பிறகு அடுத்த மழை மட்டும் மெலிந்துகொண்டே போகும். ஜூலை, ஓகஸ்டில் பல கிணறுகள் சவராகிவிடும். அந்த நேரம் வாளி வாளியாக அள்ளினால் கீழிருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். சாராப்பிட்டிக் கிணறுகள் மாதிரி நல்ல தண்ணீர் உள்ள இடங்களை ஊர்ச்சனமே நம்பி இருக்கும்போது, பார்க்க வந்த கூட்டம் கைகால் கழுவத் தண்ணீர் கேட்பது அழகில்லை.

குதிரைகளின் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். அவை கட்டாக்காலியாக, பெரும்பாலும் தீவின் தென்பகுதிப் புல்வெளியில் திரிகிறவை. 2015 இல் தேசிய பூங்காவாக அறிவித்த பகுதியும் அந்தப் பக்கம்தான். டிசெம்பர், ஜனவரியில் எங்கு பார்த்தாலும் தண்ணீர், எங்கு பார்த்தாலும் புல். ஆகவே கூட்டம் கூட்டமாகப் பிரிந்து தூரத் தூர நிற்கும், தேடித் திரிய வேண்டும். மார்ச்சில் புல் இன்னும் பச்சை, ஆனால் சின்னக் குட்டைகள் வற்றத் தொடங்கும். மிச்சத் தண்ணீரைத் தேடி ஓரிடத்துக்கு வரும். மழையில் தின்று தேறிய உடம்போடும் இருக்கும். ஓகஸ்டில் போனாலும் குதிரை காணலாம், எலும்பு தெரிய நிற்கும். கடும் வறட்சி வருடங்களில் தண்ணீர் இல்லாமல் செத்தும் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்டுகிற காட்சி அது இல்லை.

கிட்டப் போய் பிஸ்கட் கொடுக்க வேண்டாம். பின்பக்கத்தால் போகவே கூடாது. குட்டியோடு நிற்கிறதுக்கு நடுவில் போனால் உதைக்கும்.

நந்திக்கடல்:
ஒல்லாந்தர் விட்டிட்டுப் போன குதிரையள்தானே?

பாலைப்பழம்:
போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்கிற அதிகாரி அங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். சின்ன இனம், மட்டக்குதிரை. குதிரைப் பந்தயம் மாதிரிக் கற்பனை பண்ணிக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

மல்லாவியான்:
மெத்தப் பெரிய உதவி. ஏப்ரல் லீவில போனால் என்ன? கடலும் அமைதி எண்டுறியள், பள்ளிக்கூடமும் இல்லை.

சங்குப்பிட்டி:
கடலுக்கு ஏப்ரல் முற்பாதி நல்ல காலம். கண்ணாடி மாதிரிக் கிடக்கிற நாட்களும் உண்டு. பிரச்சினை தலைக்கு மேலே. சித்திரை வருடப்பிறப்பு ஒட்டி, ஏப்ரல் 14, 15 அளவில், எங்கள் பக்கத்தில் சூரியன் மத்தியானம் சரியாக உச்சியில் நிற்கும். நட்ட தடிக்கு நிழல் விழாது. ஓகஸ்ட் 28, 29 அளவில் இன்னொரு தடவை அதே நிலை. நெடுந்தீவில் நிழல் என்றால் பனையும் பெருக்கமரமும் கட்டிடங்களும்தான். புல்வெளி முழுக்க வெட்டை, காற்றும் இல்லை. 70 வயதுக்காரருக்குப் பதினொரு மணியில் இருந்து மூன்று மணி வரை அந்த வெட்டையில் வேலை இல்லை. ஒருநாள் பயணத்தில் நீங்கள் தீவில் நிற்கப்போவதும் அதே நேரம்தான். ஏப்ரலில் பின்னேர இடிமழையும் தொடங்கும். வெட்டையில் உயரமாக நிற்கிறது நீங்களாக இருக்கும்போது மின்னல் பகிடி இல்லை.

ஏப்ரல்தான் வேண்டும் என்றால் வருடப்பிறப்புக்கு முந்திய கிழமை.

கனகராயன்:
ஒருத்தரும் செப்ரெம்பர் கடைசி, ஒக்ரோபர் முதல் பாதியைச் சொல்லேல்லை. சோளகம் விட்டு வாடை பிறக்க முதல் ஒரு இடைவெளி கிடக்கு. கடல் திரும்ப அடங்கும், சனமும் குறைவு. மார்ச் தவறினால் அதுதான்.

பாலைப்பழம்:
கடல் அளவில் சரி. ஆனால் எட்டு மாத வெயிலுக்குப் பிறகு தீவு காய்ந்து மண் நிறமாக இருக்கும், கிணறும் அடி கண்டிருக்கும். கோட்டை, புறாக்கூடு, கல்வேலி பார்க்கப் போகிறவர்களுக்கு அது பரவாயில்லை. குதிரைக்கும் பச்சைக்கும் போகிறவர்களுக்கு இல்லை. நாள் கணக்கும் நம்ப முடியாது. சில வருடம் அந்த இடைவெளி மூன்று கிழமை, சில வருடம் ஒரு கிழமையோடு தாழமுக்கம் வந்துவிடும்.

முறிகண்டிப்பிள்ளை:
தைப்பொங்கல் முடிஞ்ச கையோட போறதுதான் திறம். குளிர்மை, பச்சை, தீவுக்குப் போற பாதையோர ஆழமில்லாத கடலுகளில பூநாரை. வாடைக் காத்து உடம்புக்கு நல்லது.

மொட்டைக்கறுப்பன்:
உடம்புக்கு நல்லது, படகுக்கு இல்லை. வளந்த ஆக்கள் அஞ்சு பேர் மோட்டார்சைக்கிளில போறதெண்டால் ஜனவரி கடைசி வடிவான காலம், நானும் ஒத்துக்கொள்ளுறன். இது முதியவையும் பிள்ளையளும் போற பயணம். மற்றது, ஜனவரியில ஒரு கிழமை நல்லாக் கிடந்து மற்றக் கிழமை படகு ஓடாமல் விடும். பூநாரை மார்ச்சிலயும் நிக்கும்.

நவம்பர், டிசெம்பர் கதைக்கவே தேவையில்லை. வருச மழையில பெரும்பங்கு அந்த நேரம். 2020 டிசெம்பர் 2 புரெவிப் புயல் முல்லைத்தீவுப் பக்கத்தாலதான் கரை ஏறினது. அந்த ரெண்டு மாதமும் தாழமுக்கம் எப்ப உருவாகும் எண்டு நாள் வைச்சுச் சொல்ல ஏலாது.

வவுனிக்குளத்தான்:
மல்லாவியான் அண்ணை, வயல் கணக்கும் பாருங்கோ. காலபோகம் தை கடைசி, மாசியில வெட்டி முடியும். நெல்லுக் காயப்போட்டு விக்கிற அலுவலும் ஒரு கிழமை எடுக்கும். குளத்துத் தண்ணி கிடைச்சால் சிறுபோகத்துக்கு ஏப்ரலில திரும்ப வயலுக்க இறங்கோணும். இடையில கை ஓய்ஞ்சு நிக்கிறது மார்ச்தான். கடலும் வயலும் ஒரே மாதத்தை விட்டுத் தருது, பிறகென்ன. பிள்ளையளுக்கு ஒருநாள் பள்ளிக்கூடம் போகாட்டி ஒண்டும் குறைஞ்சிடாது.

மல்லாவியான்:
ஆசிரியர் ஒருத்தரும் எங்கட வானில வாறா, அதை அவவுக்கு முன்னால சொல்லாதேங்கோ. அப்ப மார்ச் சனிக்கிழமை ஒண்டு பிடிப்பம்.

சங்குப்பிட்டி:
சனிக்கிழமை என்றால் நாளைத் தெரியும்போது மூன்று விசயம் பார்க்க வேண்டும்.

முதலாவது கச்சதீவு அந்தோனியார் திருவிழா. பெப்ரவரி கடைசி, மார்ச் அளவில் வரும். திகதி வருடா வருடம் மாறும். யாத்திரிகர் குறிகட்டுவானால்தான் போவார்கள். அந்த இரண்டு மூன்று நாளும் படகும் பஸ்சும் அந்தப் பக்கம் திரும்பிவிடும், நெடுந்தீவுக்குப் போக வந்தவர்கள் துறையில் காய வேண்டி வரும். திகதி கேட்டு அறிந்து அந்தக் கிழமையையே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது போயா. நயினாதீவு நாகவிகாரைக்குத் தெற்கில் இருந்து பஸ் பஸ்சாக வருவார்கள், அதே இறங்குதுறை. படகு வேறு என்றாலும் வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது. நீண்ட வார இறுதி என்றால் இன்னும் மோசம்.

மூன்றாவது, இது மார்ச்சுக்கு இல்லை, வேறு மாதம் யோசிக்கிறவர்களுக்கு: நயினை நாகபூசணி அம்மன் திருவிழா ஆனிப் பூரணையோடு முடியும், ஜூன், ஜூலையில். நல்லூர் 25 நாள், ஜூலை கடைசியில் இருந்து செப்ரெம்பர் நடுப்பகுதிக்குள் ஏதோ ஒரு பகுதியில் வரும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் தங்க அறை கிடைப்பதே கஸ்டம். ஓகஸ்ட் பயணத்துக்கு இது இன்னொரு முட்டுக்கட்டை.

மல்லாவியான்:
பாதை ஏ9 ஆலயோ, ஏ32 ஆலயோ?

மொட்டைக்கறுப்பன்:
மல்லாவியில இருந்து கிளிநொச்சி சுத்தத் தேவையில்லை. துணுக்காய், வெள்ளாங்குளம், அதில ஏ32 ஏறி முழங்காவில், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், பிறகு யாழ்ப்பாணம். பாலம் 2011 இல திறந்த பிறகு மன்னார்ப் பக்கச் சனத்துக்கும் இதுதான் கிட்டின வழி. யாழ்ப்பாணத்தில இருந்து பண்ணைப் பாலம், வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு, குறிகட்டுவான். யாழ்ப்பாணத்துக்கு அங்கால 35 கிலோமீற்றர் அளவு எண்டாலும் ஒரு மணித்தியாலம் வைச்சுக்கொள்ளுங்கோ. காலமை எட்டு மணிக்கு முதல் துறையில நிக்கோணும் எண்டால் மல்லாவியில நாலு மணிக்கே வெளிக்கிடுங்கோ. வாகனம் படகில ஏறாது, துறையடியில விட்டிட்டுப் போறதுதான். அந்த நேரம் ஏ32 இல மாடு படுத்திருக்கும், றைவருக்குச் சொல்லி வையுங்கோ.

சங்குப்பிட்டி:
படகு நேரத்தை இணையத்தில் பார்த்து நம்பாமல் முதல்நாள் தெரிந்தவர் யாரிடமாவது போனில் கேளுங்கள். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று பெயர் சொன்னாலும், எது ஓடுகிறது, எது திருத்தத்தில் நிற்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். இறங்கினவுடன் முதலில் கேட்க வேண்டியது குதிரை எங்கே என்று இல்லை, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று. அதைத் தவறவிட்டால் இரவு அங்கேதான்.

தீவுக்குள் ஓட்டோ அல்லது பட்டா வாகனம் (சின்ன லொறி) பிடிக்கலாம். 16 பேருக்குப் பட்டா இரண்டு வேண்டும். முதியவர்களை முன் இருக்கையில் ஏற்றுங்கள். ஏற முதலே எந்தெந்த இடம், எத்தனை மணித்தியாலம், மொத்தம் எவ்வளவு என்று பேசி முடியுங்கள். தூர இடத்தை முதல் பாருங்கள்: தெற்கில் குதிரை, பிறகு பெருக்கமரம், கடைசியில் இறங்குதுறைப் பக்கம் இருக்கிற கோட்டையும் புறாக்கூடும். நேரம் போதாமல் போனால் விடுபடுவது துறைக்குக் கிட்ட உள்ளதாக இருக்கட்டும். மறுவளமாகச் செய்கிறவர்கள்தான் படகைத் தவறவிடுவது. கோட்டைச் சுவரில் பிள்ளைகளை ஏற விடாதீர்கள், முருகைக்கல் உதிரும்.

நந்திக்கடல்:
சத்தி வராமல் இருக்க என்ன செய்யலாம்?

பாலைப்பழம்:
வெறும் வயிற்றோடும் ஏறக்கூடாது, யாழ்ப்பாணத்தில் கொத்துரொட்டி அடித்துவிட்டும் ஏறக்கூடாது. இரண்டு இடியப்பம், வாழைப்பழம் போதும். குளிசை போடுவதென்றால் படகு வெளிக்கிட ஒரு மணித்தியாலம் முதல். ஆடத் தொடங்கின பிறகு போட்டுப் பிரயோசனம் இல்லை. பிள்ளைகளுக்கும், அழுத்தம் சீனிக்கு மருந்து எடுக்கும் முதியவர்களுக்கும் மருந்தகத்தில் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில் இருந்தால் தூக்கிக் குத்தும். நடுவிலும் பின்பக்கத்திலும் ஆட்டம் குறைவு. ஆனால் பின்பக்கம் எஞ்சின் புகை வரும், அதுவே சத்தியை வரவைக்கும். நடுதான் நல்லது. போனைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பார்க்க வேண்டும். உயிர்காப்பு அங்கி தந்தால் போடுங்கள். பிள்ளைகளுக்குப் பெரிய அளவு தந்தால் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் அங்கி மேலே போகும், பிள்ளை கீழே போகும்.

தண்ணீர் மார்ச்சில் ஆளுக்கு மூன்று லீற்றர். 16 பேருக்கு 48, பத்து லீற்றர்க் கலன் ஐந்து கொண்டுபோனால் சரி. வெறும் கலனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

கனகராயன்:
ஒரு கிளைக் கேள்வி. இரணைதீவுக்கும் இதே கணக்கோ?

மொட்டைக்கறுப்பன்:
இல்லை. அது எங்கட பூநகரிப் பிரதேசம், இரணைமாதாநகர்க் கரையில இருந்து போறது. கிழக்கிலயும் வடகிழக்கிலயும் தரை கிடக்கிறதால வாடை அவ்வளவு உறைக்காது, சோளகம்தான் நேரே அடிக்கும். மழை ஓய்ஞ்ச ஜனவரியில இருந்தே போகலாம். ஆனா அது சுற்றுலாத் தீவு இல்லை. 1992 இல இடம்பெயர்ந்த சனம் 2018 ஏப்ரலில திரும்பிப் போய்த் தொழில் செய்யிற இடம். பயணிகள் படகு எண்டு நேரம் வைச்சு ஓடாது. அங்கத்தைய ஆக்களோட கதைச்சு, அவையின்ர தொழிலைக் குழப்பாமல் போறதெண்டால் போங்கோ.

மல்லாவியான்:
நன்றி. மார்ச் இரண்டாம் சனி எண்டு குறிச்சாச்சு, அந்தோனியார் திருநாள் அதில விழுந்தால் அடுத்த சனி. கடைசியா ஒண்டு: அந்தக் கிழமையும் காத்து மாறலாம்தானே, எப்பிடிப் பாக்கிறது?

சங்குப்பிட்டி:
இரண்டு நாள் முதலும், முதல்நாள் பின்னேரமும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையைப் பாருங்கள், மழை அறிக்கையை இல்லை. அதில் புத்தளத்தில் இருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு என்று வரும் வரிதான் உங்களுடையது. மணிக்கு 20, 30 கிலோமீற்றர் என்றால் யோசிக்காமல் போகலாம். 40 என்றால் முதியவர்களை விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசியுங்கள். இடைக்கிடை 50, 60 என்றோ, கடல் கொந்தளிப்பு என்றோ இருந்தால் நாளை மாற்றுங்கள். காற்றின் திசையையும் பாருங்கள்: வடகிழக்கு என்றால் பின்னேரத் திரும்பல் கஸ்டம், ஆகவே கடைசிப் படகை நம்பாமல் அதற்கு முந்தின படகு இருந்தால் அதிலேயே வந்துவிடுங்கள்.

வான்காரரிடம் முற்பணம் கொடுக்கும்போதே நாள் மாறலாம் என்று சொல்லி வையுங்கள். காசு போய்விடும் என்றுதான் பலர் கெட்ட கடலில் ஏறுகிறார்கள்.

வவுனிக்குளத்தான்:
வான் எங்கட ஊர் ஆள்தான் அண்ணை, நான் கதைக்கிறன். மார்ச்சில அவருக்கும் ஓட்டம் இல்லை.